கந்தோருக்குக் கிடைத்தவள்

காலையில் எழும்புவேன். முகம் கழுவுவேன். மோட்டரைப் போட்டுத் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுவேன். தாங்கி வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்துவேன். கேத்திலில் தண்ணீர் கொதிக்கும். பாணுக்கு மார்ஜரின் பூசி நின்றபடியே சாப்பிடுவேன். பீங்கானைக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். சேட்டை அயன் பண்ணுவேன். முன்பக்கம் மட்டும்தான். முதுகை ஒருவரும் பார்ப்பதில்லை. கதவைப் பூட்டிப் படலையைச் சாத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் மானிப்பாய்ச் சந்தியைக் கடந்து வேலைக்குப் போவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் இவ்வளவும் செய்தேன். அன்று முதுகுப்பக்கத்தையும் அயன் பண்ணினேன். மேடையில் ஏற வேண்டியிருந்தது.

என் மனைவி அபிகாயில் ஒரு பெண்கள் கல்லூரியின் அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், எழுதுவினைஞராக வேலை செய்தாள். மாசி மாதம் டெங்குக் காய்ச்சலில் இறந்தாள். முப்பத்தொரு வயது. பிள்ளைகள் இல்லை. கேட்கிறவர்களுக்கு இதை இதே ஒழுங்கில் சொல்கிறேன்.

கேட்கிறவர்கள் இதோடு விடுவதில்லை. அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது.

"கடைசியா என்ன சொன்னவா?"

எங்கள் சபையில் அது வழக்கம். ஒருவர் இறந்தால் அவர் கடைசியாகச் சொன்னதை அடக்க ஆராதனையில் போதகர் எடுத்துச் சொல்வார். சனம் தலையாட்டும். நல்ல வார்த்தையோடு போனவர் நல்லபடி போனார் என்பது அதன் பொருள். அபியின் அடக்கத்தன்று போதகர் என்னிடம்தான் முதலில் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. அபியின் தாய், என் மாமி, சொன்னார்:

"அண்டைக்கு விடிய என்னோடை சேர்ந்து சங்கீதம் சொன்னவள், போதகர்."

அது உண்மை. விடியச் சொன்னாள். இறந்தது இரவு. இடைப்பட்ட பகலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. போதகர் வேதாகமத்தின் அந்தச் சங்கீத வசனத்தையே அவளுடைய கடைசி வார்த்தை என்று சொன்னார். சனம் தலையாட்டியது. நானும் ஆட்டியிருப்பேன்.

உண்மையில் அவள் கடைசியாகச் சொன்னது எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்றவன் நான். அதை ஒருவருக்கும் கொடுப்பதாக இல்லை. மற்ற எல்லாவற்றையும் கந்தோர் எடுத்துக்கொண்டுவிட்டது.

என் மனைவி ஆட்களைச் சிரிக்கவைக்கும் பகிடிக்காரி என்பதை அவளுடைய செத்தவீட்டில்தான் அறிந்தேன். கல்லூரியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். முற்றத்துப் பந்தலுக்குக் கீழே இருந்து அவளைப் பற்றிக் கதைத்தார்கள். கல்லூரிக் குசினியில் வேலை செய்யும் யசிந்தா அக்கா மாமியைவிடப் பெரிதாக அழுதார். கனிசியஸ் என்று ஒருவன், அந்தக் கந்தோரின் பியோன், குருநகர்ப் பெடியன், இருபத்தெட்டு வயது இருக்கும், ஓட்டோவில் கதிரைகள் கொண்டுவந்து இறக்கினான். கதிரைகளை விரித்துப் போட்டான். அழுதான். பிறகு படலையடியில் நின்று அபியைப் பற்றி ஏதோ சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, செத்தவீட்டில் சிரிக்கிற சிரிப்பு.

நான் யன்னலுக்கு உள்ளே நின்றேன். எனக்குப் பின்னால் அவள் பெட்டிக்குள் இருந்தாள். அவன் சொன்ன கதை என்னவென்று எனக்குத் தெரியாது. ஒருவரும் எனக்குச் சொல்லவும் இல்லை.

வீட்டில் அவள் கதைப்பது குறைவு. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றி எறிவாள். சிமெந்து நிலத்தில் மல்லாந்து படுத்துக் கால்களைக் கதிரையில் தூக்கிப் போடுவாள்.

"கொஞ்சம் கதைக்காமல் இருங்கோ, றொபின். காலமை தொடக்கம் கதைச்சு வாய் உளையுது."

நான் இருப்பேன். எனக்கு அது பிடித்திருந்தது. இரண்டு அமைதியான ஆட்கள் கலியாணம் செய்திருக்கிறோம் என்று நினைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கதைப்பேன். எனக்குத் தண்ணீர் பரிசோதனைக்கூடத்தில் வேலை. சண்டிலிப்பாய்த் தோட்டங்களின் கிணறுகள், உரம், மழைக்குப் பிறகு ஏறும் நைத்திரேற்று அளவு. அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். குறுக்கே மறித்துப் பேசமாட்டாள், இடைக்கிடை ஓம் என்பாள். என்னைப் போலக் கேட்க ஆள் கிடைத்தவன் இல்லை என்று நம்பினேன்.

அவள் போன பிறகு ஒன்று விளங்கியது. அவளுடைய பகல் அவர்களுக்கு. களைப்பு எனக்கு.

ஐப்பசி தொடக்கத்தில் அதிபர் றெபேக்கா மிஸ் ரெலிபோன் எடுத்தார்.

"றொபின், நாங்கள் இந்த வருஷம் அலுவலகப் பணியாளர் தினம் செய்யிறம். கிளாக்மார், பியோன், வாச்சர், குசினி ஆக்கள், எல்லாருக்கும் சேர்த்து. அபிகாயிலின்ரை பேரிலை ஒரு விருதும் வைக்கிறம். வருஷா வருஷம் ஒராளுக்கு. முதல் விருதை நீங்கள்தான் வந்து குடுக்கோணும்."

"ஓம் மிஸ்."

"பிள்ளையளுக்கு ரெண்டு வார்த்தை கதைக்கவும் வேணும். பெரிசா ஒண்டும் வேண்டாம். அவ கடைசியாச் சொன்ன வசனத்தைச் சொன்னாலே காணும். கேடயத்திலையும் அதைத்தான் பொறிக்கக் குடுத்திருக்கிறன். ஆனா நீங்கள் உங்கடை வாயாலை சொல்லேக்கை அது வேறை."

"ஓம் மிஸ்."

"ஆருக்கு விருது எண்டு கேக்கேல்லையே?"

"ஆருக்கு?"

"கனிசியஸுக்கு. பிள்ளையளே வோட்டுப் போட்டுத் தெரிஞ்சவை. அந்தர அவசரத்துக்குத் தேடினால் ஆள் நிக்கமாட்டான், ஆனாலும் பிள்ளையளுக்கு அவனிலை ஒரு விருப்பம்."

"நல்லது" என்றேன்.

ரெலிபோனை வைத்துவிட்டு அந்த இடத்திலேயே நின்றேன். படலையடியில் நின்று சிரிப்புக் காட்டியவன். அவளுடைய பேரில் விருது. என் கையால் அவனுக்கு. போதாததற்கு அவள் கடைசியாகச் சொன்னதையும் என் வாயால் அவர்களுக்கு.

வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வேலை என்று சொல்லியிருக்கலாம். எட்டு மாதமாக எதற்கும் ஓம் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். அதைவிட இன்னொன்றும் இருந்தது. அவர்களிடம் அவள் எவ்வளவு மிச்சம் இருக்கிறாள் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

கல்லூரி வாசலில் பிள்ளைகளின் பாண்ட் வாத்தியம் நின்றது. பன்னீர் தெளித்தார்கள். வாச்சர் தம்பிஐயா கேற்றைத் திறந்துவிட்டுச் சலூட் அடித்தார். அவருடைய சேட்டில் ரிபன் பூ ஒன்று குத்தியிருந்தது. அன்றைக்கு மதிப்பளிக்கப்படுகிறவர்களில் அவரும் ஒருவர். எனக்குப் பின்னால் வந்த காருக்காக மறுபடி கேற்றடிக்கு ஓடினார்.

விழா பிந்துமாம். என்னைக் கந்தோருக்குள் கூட்டிப்போனார்கள். அபியின் இடத்துக்கு வந்திருக்கும் தாரிகா என்ற பிள்ளை எழும்பி நின்றாள்.

"அக்கான்ரை கதிரை, சேர். இருங்கோ."

கதிரையின் முதுகில் துணி தேய்ந்து நூல் தெரிந்தது. ஒரு பக்கம் மட்டும். அவள் அந்தப் பக்கம் சாய்ந்து இருந்திருக்கிறாள். யன்னல் பக்கமாக, அல்லது கதவில் நின்று கதைக்கிற ஆளின் பக்கமாக. வீட்டில் எந்தக் கதிரையும் அவளால் தேய்ந்ததில்லை.

"நான் நிக்கிறன்" என்றேன்.

"அக்கா இருந்தவ எண்டா இண்டைக்கு நல்ல முசுப்பாத்தியா இருந்திருக்கும், சேர்" என்றாள் தாரிகா. அவள் அபியைக் கண்டதே இல்லை. பங்குனியில்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கும் பங்கு கிடைத்திருக்கிறது.

மண்டபத்தில் முன்வரிசைக் கதிரைகளில் பணியாளர்களின் பெயர்களைத் தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எல்லாம் வெறுமையாக இருந்தன. மைக் கீச்சிட்டது, தோட்டத்தில் வேலை செய்பவர் வந்து வயரை அசைத்தார். குத்துவிளக்குக்குத் திரி போதவில்லை. நூலகத்து உதவியாளர் எடுத்துவர ஓடினார். விருந்தினர்களுக்குச் சோடா வந்தது. கொண்டுவந்தவர் யசிந்தா அக்கா. அவருடைய சேலையிலும் ரிபன் பூ.

றெபேக்கா மிஸ் மைக்கில் சொன்னார்: "இண்டைக்கு உங்கடை நாள். எல்லாரும் வந்து முன்னுக்கு இருங்கோ."

சிலர் வந்து கதிரை நுனியில் இருந்தார்கள். ஜெனரேற்றர் நின்றது. மூன்று பேர் எழும்பிப் போனார்கள். மறுபடி வந்து இருந்தார்கள். யாரோ ஒரு பழைய மாணவி கைக்குழந்தையோடு வந்து நின்றார். தோட்டக்காரர் தன் பெயர் ஒட்டிய கதிரையைத் தூக்கிக் கொண்டுபோய் அவருக்குப் போட்டுவிட்டுச் சுவரோடு நின்றுகொண்டார். ஒரு மாணவி மேடையில் ஏறி, ஓசையின்றி உழைப்பவர்களை நாம் உட்காரவைத்து அழகு பார்க்க வேண்டும் என்று பாடமாக்கிய பேச்சைப் பேசினாள். முன்வரிசையில் அப்போது இரண்டு பேர் இருந்தார்கள்.

மேடையில் எனக்கு முன்னால் கேடயம் இருந்தது. அபிகாயில் றொபின் நினைவு விருது. அதன் கீழே வசனம். வசனத்தின் கீழே, "அவரின் இறுதி வார்த்தைகள்." எழுத்துகள் பொன் நிறம். நன்றாகத்தான் பொறித்திருந்தார்கள்.

"உங்கடை பேச்சு விருதோடை சேத்து" என்று றெபேக்கா மிஸ் என் பக்கம் குனிந்து சொன்னார். "பொன்னாடையைப் போத்திப்போட்டு மைக்குக்கு வாங்கோ."

என் பெயரைச் சொன்னார்கள். எழும்பினேன். பொன்னாடையை என் கையில் தந்தார்கள். பிறகு கனிசியஸின் பெயரைச் சொன்னார்கள். பிள்ளைகள் கத்திக் கை தட்டினார்கள். ஒருவரும் வரவில்லை.

திரும்பவும் கூப்பிட்டார்கள். அறிவிப்புச் செய்த மாணவி பக்கவாட்டில் பார்த்தாள். மூன்றாம் தரமும் கூப்பிட்டாள். பின்வரிசையில் சிரிப்பு எழும்பியது.

"உவன் எங்கை போட்டான்?" என்றார் றெபேக்கா மிஸ், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு. "நான் சொன்னனான்தானே, அந்தரத்துக்கு ஆள் நிக்கமாட்டான்."

"நான் பாத்து வாறன் மிஸ்."

"ஐயோ, நீங்கள் ஏன்?"

நான் படி இறங்கிவிட்டேன். மைக்கிலிருந்து தள்ளிப் போகக் கிடைத்த வழி அது. பொன்னாடை கையில் இருந்தது. மேடையில் நடனப் பிள்ளைகளை ஏற்றினார்கள். மண்டபத்தின் பக்கக் கதவால் வெளியே வந்து, பின்பக்கமிருந்த குசினியை நோக்கி நடந்தேன். றோல்ஸ் பொரிக்கும் மணம் வந்தது. குசினிக் கதவு அரைவாசி சாத்தியிருந்தது.

உள்ளே அபி கதைத்தாள்.

"வணக்கம், கல்லூரிக் கந்தோர். சொல்லுங்கோ, சேர்."

நான் நின்றேன்.

அவளுடைய குரல். அதைப் போல ஒன்று அல்ல, அதுவேதான். மூக்கில் கொஞ்சம் தடிமன் இருப்பதுபோல. 'சேர்' என்பதன் கடைசியில் சற்று மேலே இழுக்கும் அந்த இழுவை. எட்டு மாதமாக அந்தக் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தும் எனக்கு வரவில்லை. முகம் வரும், கை வரும், கதிரையில் தூக்கிப் போட்ட கால் வரும். குரல் வராது. அது இங்கே குசினிக்குள் இருந்தது.

கதவிடுக்கால் பார்த்தேன். கனிசியஸ் இடுப்பில் துவாய் கட்டிக்கொண்டு ஒரு றோல்ஸை ரெலிபோன் போலக் காதில் வைத்திருந்தான். யசிந்தா அக்கா கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தம்பிஐயா கேற்றை விட்டுவிட்டு வந்து வாசற்படியில் குந்தியிருந்தார்.

"இப்ப அந்த மாகாணக் கந்தோர்ப் பெரியவர் ஏசத் தொடங்குவார்" என்றான் கனிசியஸ் தன்னுடைய குரலில். "கடிதம் வரேல்லை, அறிக்கை வரேல்லை, அது இதெண்டு. அக்கா என்ன செய்வா? ரெலிபோனை இப்பிடி மேசையிலை வைப்பா." றோல்ஸை மேசையில் வைத்தான். "அங்காலை அவர் கத்துறார். இஞ்சாலை இவ ரைப் பண்ணுறா. தோடம்பழம் உரிக்கிறா. எனக்கு ஒரு சுளை தாறா. பிறகு எடுத்து..." றோல்ஸை மறுபடி காதுக்குக் கொண்டுபோனான். அபி சொன்னாள்: "ஓம் சேர். விளங்குது சேர்." றோல்ஸ் மேசைக்கு வந்தது. "பிறகும் ரைப் பண்ணுறா. பிறகும் எடுத்து, ஓம் சேர், விளங்குது சேர். கடைசியிலை அந்த மனிசன் என்ன சொன்னவர் தெரியுமே? பிள்ளை, உம்மைப்போலை பொறுமையாக் கேக்கிற ஒராளை நான் இந்த மாகாணத்திலை காணேல்லை எண்டு. வருஷப்பிறப்புக்குக் கலண்டரும் அனுப்பினவர்."

தம்பிஐயா சிரித்துச் சிரித்து இருமினார். "இது எத்தினையாந்தரம் சொல்லுறாய், கோதாரி விழுவானே" என்றார் யசிந்தா அக்கா. அவரும் சிரித்தார்.

எனக்கு இரண்டு விடயங்கள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது ஆத்திரம். தோடம்பழச் சுளை அவனுக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டாவது கொஞ்சம் பிந்தி வந்தது. அந்தச் சொற்களை எனக்குத் தெரியும்.

கதவைத் தள்ளினேன்.

தம்பிஐயா எழும்பினார். கனிசியஸ் றோல்ஸைக் காதிலிருந்து எடுத்தான். எங்கே வைப்பதென்று தெரியாமல் தட்டத்தில் வைத்தான்.

"அதுக்குள்ளை வைக்காதை, காதிலை வைச்சதை" என்றார் யசிந்தா அக்கா.

எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"சேர், குறை நினையாதேங்கோ. நாங்கள் சும்மா..."

"உம்மடை பேரைக் கூப்பிட்டவை."

"எப்ப, சேர்?"

"மூண்டு தரம்."

"ஐயோ. பால் பொங்கப் பாத்தது சேர், இவ தனிய நிண்டவ. ஒரு நிமிஷம் எண்டு வந்தனான்." அவன் துவாயை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு இறுகியிருந்தது. "மிஸ் என்னைக் கொல்லப்போறா. இண்டைக்கு மட்டும் நேரத்துக்கு நில்லடா எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னவ."

"திரும்பச் சொல்லும்" என்றேன்.

"என்னத்தை, சேர்?"

"அந்த விளங்குது."

அவன் யசிந்தா அக்காவைப் பார்த்தான். அவர் கோப்பையைத் துடைத்துக்கொண்டே, "கேக்கிறார்தானே, சொல்லன்" என்றார்.

"ஓம் சேர். விளங்குது சேர்." மெதுவாகத்தான் சொன்னான். இந்தத் தரம் கை காதுக்குப் போகவில்லை.

"சேர் இல்லாமல்."

"ஓம். விளங்குது."

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. மீன் முள்ளைப் பீங்கான் ஓரத்தில் ஒதுக்கும் அவளுடைய விரல். கிணறுகள், உரம், நைத்திரேற்று. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் அந்தக் குரல். அதே இழுவை.

"அது எனக்கும் சொன்னவ" என்றேன். "நான் கிணத்துத் தண்ணியைப் பற்றிக் கதைக்கேக்கை."

முதலில் சிரிப்பு யசிந்தா அக்காவிடமிருந்துதான் வந்தது. கோப்பை துடைக்கும் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது.

"உங்களுக்குமோ, சேர்?" என்றான் கனிசியஸ்.

"ஒவ்வொரு நாளும்."

"கலண்டர் குடுத்தனீங்களோ?"

தம்பிஐயா அவனுடைய முதுகில் அடித்தார். "டேய், ஆரோடை கதைக்கிறாய்." ஆனால் அவரும் சிரித்தார். நான் சிரித்தேனா தெரியாது. வாய் ஏதோ செய்தது. செத்தவீட்டில் யன்னலுக்கு வெளியே நடந்தது இதுதான் என்று விளங்கியது. இந்தத் தரம் நான் இந்தப் பக்கம் நின்றேன்.

அது நீடிக்கவில்லை. யசிந்தா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"தம்பி, ஒண்டு கேட்டால் கோவிக்கக்கூடாது. உந்தக் கேடயத்திலை போட்டிருக்கிற வசனம். பிள்ளை மெய்யாவே அதைச் சொல்லித்தான் போனவளோ?"

"நான் அப்பவே சொன்னனான்" என்றான் கனிசியஸ். "வசனம் நல்ல வசனம்தான். ஆனா கடைசியிலை அக்கா அப்பிடிச் சொல்லியிருக்கமாட்டா."

ஆத்திரம் திரும்பி வந்தது. அவளுடைய பகிடி இவனிடம். அவளுடைய குரல் இவனிடம். இப்போது அவள் சாகும்போது என்ன சொல்லியிருப்பாள் என்பதும் இவனுக்குத் தெரியுமாம்.

"நீர் அங்கை நிண்டனீரோ?"

கேட்ட விதத்தில் அவன் ஒரு அடி பின்னுக்குப் போனான்.

"இல்லை சேர். ஆஸ்பத்திரிக்கு உள்ளுக்கு விடேல்லை. ஒரு நேரத்திலை ஒராளுக்குத்தான் பாஸ், அது உங்களிட்டை எண்டு சொல்லிப்போட்டினம். நான் கேற்றடியிலைதான் நிண்டனான்."

"எப்ப?"

"அண்டைக்கு முழுக்க. இளநி கொண்டு வந்தனான், டெங்குவுக்கு நல்லதெண்டு. குடுத்துவிடவும் ஆள் கிடைக்கேல்லை." றோல்ஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "நீங்கள் நிண்டீங்கள்தானே, சேர். பக்கத்திலை. அதைத்தான் நான் நினைக்கிறனான். உங்களுக்குக் குடுத்து வைச்சது."

அவன் சொன்னது எனக்கு உடனே ஏறவில்லை. அவனுடைய முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முகம் அது. எட்டு மாதமாகச் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

மண்டபத்தில் நடனப் பாட்டு முடிந்தது. மைக்கில் றெபேக்கா மிஸ்ஸின் குரல் கேட்டது. இருவரும் உடனடியாக மேடைக்கு வரவும்.

"போவம், சேர்" என்றான் கனிசியஸ். துவாய் முடிச்சு இன்னும் அவிழவில்லை.

நான் பொன்னாடையை விரித்தேன். அந்த இடத்திலேயே, இடுப்புத் துவாயோடு நின்ற அவனுடைய தோளில் போட்டேன். எண்ணெய் படும் என்று அதன் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். தம்பிஐயா கை தட்டத் தொடங்கி, என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"வசனம் விடியச் சொன்னது" என்றேன். "மாமியோடை சேர்ந்து. கடைசியாச் சொன்னது வேறை."

யசிந்தா அக்கா அடுப்பை நிறுத்தினார்.

சொன்னேன். பின்னேரம் அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு அற்றெண்டன் ட்ரொலியைக் கொண்டுவந்தார். வயது போன ஆள், மெலிந்த ஆள். அவளைத் தூக்கிக் கிடத்தினோம். அவர் தள்ளினார். நான் சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். நீளமான விறாந்தை. ட்ரொலியின் ஒரு சில்லு சுழலவில்லை. ஒரு பக்கமாக இழுத்து இழுத்துப் போனது. அவர் நாரியை வளைத்து, இடுப்பிலிருந்து முழுப் பலத்தையும் கொடுத்துத் தள்ளினார். பாதி வழியில் அபி கையைத் தூக்கி முகத்திலிருந்த ஒட்சிசன் மூடியை விலக்கினாள். எனக்கு ஏதோ சொல்லப்போகிறாள் என்று குனிந்தேன். என் காது அவளுடைய வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. என் பெயரைச் சொன்னால் போதும் என்று இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மேலே உருட்டி, தலைமாட்டில் நின்று தள்ளும் அந்த ஆளைப் பார்த்தாள். கதவுகள் திறந்தன. அதோடு என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

அந்த ஆளின் பெயர் எனக்குத் தெரியாது. முகமும் நினைவில் இல்லை. எட்டு மாதமாக நான் பொறாமைப்படுவது கனிசியஸில் அல்ல, கந்தோரிலும் அல்ல. அந்த ஆளில். எனக்கென்று சொல்லப்படாத ஒன்றை எனக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

"அவரிட்டை என்ன சொன்னவ, சேர்?" என்றான் கனிசியஸ்.

அவனைப் போல எனக்கு அவளுடைய குரல் வராது. என்னுடைய குரலில்தான் சொன்னேன்.

"அண்ணை, அந்தச் சில்லு இழுக்குது. மெல்லமாத் தள்ளுங்கோ, நாரி பிடிச்சிடும்."